கிலோவும் மைலும்: வன்னியிலிருந்து அடிக்கடி பறக்கிற வீடுகளுக்கு

எயார்லைன் காட், அதாவது பறக்கிற ஒவ்வொரு தரமும் மைல்ஸ் என்ற பொயின்ற்ஸ் சேர்க்கிற அட்டை, அதைப் பற்றிக் கதை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி, "ஃப்ரீ ரிக்கற் கிடைக்குமோ?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விசயம். மைல்ஸில் எடுக்கிற ரிக்கற்றுக்கும் விமான நிலைய வரியும் எரிபொருள் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் டிசம்பர் விடுமுறையிலும், அதாவது எங்கள் ஆட்கள் வந்துபோகிற நேரத்தில்தான், அந்த இருக்கைகள் கிடைப்பதே இல்லை. அதே காட் வெள்ளி, தங்கம் என்று நிலை ஏறினால் வருகிற கூடுதல் கிலோ, தனி வரிசை, இடையில் குளித்துவிட்டுச் சாய்ந்திருக்க ஒரு லவுஞ்ச் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பயணத்திலும் கையில் வரும். கிளிநொச்சியில் வான் பிடித்து ஏழு மணித்தியாலம் பாதையில் குலுங்கி, பிறகு விமானத்தில் இன்னும் பதினைந்து மணித்தியாலம் இருக்கிறவருக்கு எது பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் பெயர்

மைல்ஸ் ஏறாமல் போகிறதற்கு எங்கள் ஆட்களிடம் உள்ள முதற் காரணம் பெயர். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் நிற்கும். சொந்தப் பெயர் மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் நிற்கும். கலியாணம் முடித்த பெண்களில் சிலருக்கு அப்பாவின் பெயர், சிலருக்குப் புருசனின் பெயர். ஏஜென்சிக்கு வட்ஸ்அப்பில் "சிவகுமார், ஒரு ரிக்கற்" என்று அனுப்பினால் அவர் தனக்குத் தெரிந்த மாதிரி மாற்றிப் போடுவார். பயணம் எப்படியோ நடந்துவிடும். மைல்ஸ் மட்டும் ஏறாது.

ஆகவே கணக்குத் திறக்கும்போது கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து, அதில் உள்ள ஆங்கில எழுத்துகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். "தர்மலிங்கம்" என்பதைக் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் வங்கிக் காட்டில் இன்னொரு மாதிரியும் எழுதுகிற வழக்கம் எங்களிடம் நிறைய. கடவுச்சீட்டில் இருப்பதுதான் கணக்கு. முதலெழுத்தை மட்டும் போட்டு மிச்சத்தை விடக்கூடாது. கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறதென்றால், அந்த எயார்லைன் அதை எப்படிப் போடச் சொல்கிறது என்று கேட்டு, ரிக்கற்றிலும் மைல்ஸ் கணக்கிலும் ஒரே மாதிரிப் போடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டு மாறியிருந்தால் புதுக் கணக்குத் திறக்காதீர்கள். பழைய கணக்கிற்கே கடவுச்சீட்டுக் கொப்பியும் விவாகப் பதிவுச் சான்றிதழும் அனுப்பினால் பெயரை மாற்றித் தருவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருந்தால் பிறகு சேர்ப்பது தலையிடி.

போடிங் பாஸில் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதிலுள்ள பார்கோட்டில் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 20 இடம் மட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது பாலசுப்பிரமணியம் என்பதற்கே 15 எழுத்துப் போய்விடும், பிறகு ஒரு சாய்கோடு, மிச்சம் நாலே இடம். சிவகுமார் அங்கே "சிவா" ஆகிவிடுவார். சில எயார்லைன்கள் மிஸ்டர், மிசிஸ் என்பதையும் பெயரின் வாலிலேயே ஒட்டிவிடும். இதற்காக ஏறுகிற வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் ரிக்கற்றில் உள்ள முழுப் பெயர் கடவுச்சீட்டோடு ஒத்திருக்க வேண்டும்.

எந்தக் காட்?

எல்லாவற்றிலும் சேர்ந்து எல்லாவற்றிலும் ஆயிரம் ஆயிரமாகக் கிடப்பதால் ஒரு பலனும் இல்லை. வீட்டில் எந்தப் பாதை அடிக்கடி ஓடுகிறது என்று பார்த்து ஒன்றைப் பிடியுங்கள்.

லண்டன், பாரிஸ் பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஒன்வேர்ல்ட் கூட்டணி, அதாவது ஒன்றின் காட்டை மற்றது ஏற்கிற எயார்லைன்களின் கூட்டு, பொருந்தும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் அதில் சேர்ந்தது. கட்டார் எயார்வேஸும் பிரிட்டிஷ் எயார்வேஸும் அதே கூட்டணிதான். ஸ்ரீலங்கனின் மைல்ஸ் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸின் இலக்கத்தைக் கட்டார் பயணத்துக்கும் கொடுக்கலாம், கட்டாரின் இலக்கத்தை ஸ்ரீலங்கனுக்கும் கொடுக்கலாம். ஒரு பறப்புக்கு ஒரு இலக்கம்தான், இரண்டிலும் ஏற்ற முடியாது. கட்டாரும் பிரிட்டிஷும் ஏவியோஸ் என்ற ஒரே நாணயத்தைப் பாவிக்கின்றன. இரண்டு கணக்கையும் இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றலாம். கட்டாரில் வெள்ளி நிலைக்கு 12 மாதத்துக்குள் 150 கியூபொயின்ற்ஸ் (நிலைக்காக மட்டும் எண்ணுகிற பொயின்ற்ஸ்), தங்கத்துக்கு 300, பிளாட்டினத்துக்கு 600 வேண்டும். கட்டாரின் தங்கம் என்பது கூட்டணிக்குள் ஒன்வேர்ல்டின் சஃபயர் என்ற நிலை. அது கையில் இருந்தால் ஸ்ரீலங்கனில் எக்கொனமி ரிக்கற்றோடு போனாலும் பிசினஸ் கவுண்டரில் நிற்கலாம், லவுஞ்சுக்குள் போகலாம்.

எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. துபாயில் வேலை செய்துகொண்டு போய்வருகிறவர்களுக்கு ஆனால் அதன் ஸ்கைவேட்ஸ் நல்லது, கிலோவைக் கண்ணுக்குத் தெரியக் கொடுக்கிறது. கிலோக் கணக்கில் பொதி எடுக்கிற பாதைகளில் வெள்ளிக்கு 12 கிலோ, தங்கத்துக்கு 16, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதல். வெள்ளிக்கு 25,000 ரியர் மைல்ஸ் (இதுவும் நிலைக்காக எண்ணுகிறதுதான்), தங்கத்துக்கு 50,000.

சிங்கப்பூர் பக்கமாக அவுஸ்திரேலியா போகிறவர்கள், எயார் கனடா, சுவிஸ், லுஃப்தான்சா, டேர்க்கிஷ் என்று பறக்கிறவர்கள் ஸ்டார் அலையன்ஸ் என்ற மற்றக் கூட்டணிப் பக்கம் போகலாம். அதில் தங்க நிலை இருந்தால் கிலோப் பாதையில் 20 கிலோ, பெட்டிகளை எண்ணி எடுக்கிற பாதையில் ஒரு பெட்டி கூடுதல். சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையரில் ஒரு வருடத்தில் 50,000 எலிட் மைல்ஸ் சேர்த்தால் அந்தத் தங்கம் கிடைக்கும்.

வருடத்தில் ஒரே தரம் பறக்கிறவருக்கு நிலை ஏறாது, அதை நினைத்துக் கவலைப்படுவதும் வீண். அவர் விலை குறைந்த ரிக்கற்றை எடுத்துவிட்டு, இலக்கத்தை மட்டும் கொடுத்து வைத்தால் போதும். குடும்பமாகச் சேர்த்தால்தான் அவருக்கு ஏதாவது வரும். எமிரேட்ஸில் எட்டுப் பேர் வரை ஒரு குடும்பக் கணக்கில் சேர்க்கலாம், பிரிட்டிஷ் எயார்வேஸிலும் வீட்டுக் கணக்கு என்று ஒன்று உண்டு.

ஒரே சீற், வேறு வேறு மைல்ஸ்

பக்கத்து சீற்றில் இருந்தவருக்கு 5,000 ஏறியது, எனக்கு 1,300தான் ஏறியது என்று சண்டை பிடிக்கிறவர்கள் ரிக்கற்றின் எழுத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எக்கொனமி என்ற ஒரே கூட்டுக்குள் பத்துக்கு மேற்பட்ட விலைப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. ஈ-ரிக்கற்றில் "கிளாஸ்" என்பதற்குக் கீழே தனியாக நிற்கிற எழுத்து அதுதான். தூரத்தைக் கணக்குப் பார்க்கிற திட்டங்களில் முழு விலை எழுத்துக்கு 100 வீதம், மலிவு எழுத்துக்கு 25 வீதம், மிக மலிவுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கொழும்பு–லண்டன் போய்வரக் கிட்டத்தட்ட 10,800 மைல். முழுதாக ஏறினால் அவ்வளவு, கால்வாசி என்றால் 2,700. கூட்டணிக்குள் வேறு எயார்லைனின் இலக்கத்தைக் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும். காசு கட்டுமுன் அந்தத் திட்டத்தின் இணையத்தளத்தில் "எத்தனை ஏறும்" என்று பார்க்கிற கணிப்பானில் எழுத்தைப் போட்டுப் பாருங்கள்.

ஏஜென்சியிடம் ரிக்கற் எடுத்தால் இரண்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். ஆறு எழுத்தில் உள்ள புக்கிங் இலக்கம் ஒன்று, 13 எண்கள் கொண்ட ஈ-ரிக்கற் இலக்கம் மற்றது. முதலாவது மட்டும் இருந்தால் இடம் பிடித்திருக்கிறது, ரிக்கற் இன்னும் போடவில்லை என்றும் இருக்கலாம். 13 எண்ணில் முதல் மூன்றும் எயார்லைனைச் சொல்லும். ஸ்ரீலங்கன் 603, கட்டார் 157, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் 618. கட்டார் என்று சொல்லிக் காசு வாங்கியவர் தந்த ரிக்கற் வேறு எண்ணில் தொடங்கினால் ஏனென்று கேட்கலாம். இன்னொரு எயார்லைன் போட்ட ரிக்கற்றிலும் கட்டார் விமானத்தில் ஏற முடியும், ஆனால் மைல்ஸ் விதியும் பொதி விதியும் மாறக்கூடும்.

பறந்து ஒரு கிழமையில் மைல்ஸ் ஏறவில்லையென்றால் இப்படித்தான் கதை போகும்:

"அண்ணை, என்ர மைல்ஸ் ஒண்டும் ஏறேல்லை."
"போடிங் பாஸ் வைச்சிருக்கிறீரோ?"
"அதைக் குப்பையில போட்டிட்டன்."

போடிங் பாஸை எறிய வேண்டாம். கடுதாசியாக இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சில மாதத்தில் மங்கிவிடும். போனில் உள்ளதென்றால் ஸ்கிரீன்சொட். விடுபட்ட மைல்ஸை ஒன்லைனில் கேட்க ரிக்கற் இலக்கம், பறப்பு இலக்கம், திகதி, சீற் இலக்கம் போதும். பல திட்டங்களில் ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்டால் இல்லை என்பார்கள்.

சேர்த்ததும் சும்மா கிடந்தால் செத்துவிடும். எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் ஏறிய மைல்ஸுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். ஏவியோஸ் வேறு மாதிரி. 36 மாதம் ஒரு அசைவும் இல்லாவிட்டால்தான் போகும், இடையில் ஒரு சின்ன வரவோ செலவோ நடந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். லண்டனில் பிள்ளைகள் இருந்தால் இதற்கு நல்ல வழி நெக்டர் என்ற கடைப் பொயின்ற்ஸ் திட்டம். சாமான் கடையில் சேர்கிற 400 நெக்டர் பொயின்ற்ஸை 250 ஏவியோஸாக மாற்றினால் கணக்கு அசைந்த மாதிரி. இலங்கையிலும் சில வங்கிகளின் கிரெடிட் காட் பொயின்ற்ஸை ஃப்ளைஸ்மைல்ஸுக்கு மாற்றலாம். ஆனால் மைல்ஸுக்காகக் காட்டில் கடன் வைத்து வட்டி கட்டுவது பைத்தியக்கார வேலை.

பொதி

ஈ-ரிக்கற்றில் பொதிக் கட்டத்தில் "30 கே" என்று இருந்தால் மொத்தம் 30 கிலோ, அதை எத்தனை பெட்டியாகவும் பிரிக்கலாம். "2 பிசி" என்று இருந்தால் இரண்டு பெட்டி, வழமையாக ஒவ்வொன்றும் 23 கிலோ. கனடா, அமெரிக்கப் பயணங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் பெட்டி 27, மற்றது 19 என்று கொண்டுபோய்க் கூட்டினால் 46தானே என்று வாதாடினால் எடுபடாது, 27 கிலோப் பெட்டிக்குக் காசு கட்டச் சொல்வார்கள். எந்த வகை என்றாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது, அது தூக்குகிற தொழிலாளரின் முதுகுக்காக வைத்த எல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வழமையாக 158 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும், எயார்லைனைப் பொறுத்து இது மாறும்.

குடும்பமாகப் போகும்போது எல்லாரையும் ஒரே புக்கிங் இலக்கத்தில் போடச் சொல்லுங்கள். கிலோப் பாதையில் நாலு பேரின் கிலோவைச் சேர்த்துப் பார்க்க அப்போதுதான் ஒத்துக்கொள்வார்கள். தனித்தனி இலக்கமென்றால் கவுண்டரில் இருக்கிறவரின் மனசைப் பொறுத்தது.

கெட்டியான பெரிய சூட்கேஸ் வெறுமையாகவே நாலைந்து கிலோ நிற்கும். சாமான் மட்டும் கொண்டுபோகிறதென்றால் நல்ல கார்ட்போட் பெட்டி ஒரு கிலோவும் வராது. அடிப்பக்கத்தைக் குறுக்கும் மறுக்குமாக ரேப் ஒட்டி, மேலே கயிறு கட்டி, நாலு பக்கமும் பெயரும் போன் இலக்கமும் எழுதுங்கள். உள்ளேயும் ஒரு கடுதாசியில் எழுதிப் போடுங்கள், வெளிச் சீட்டு கிழிந்தால் திறந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் துப்பு. கையில் தூக்கிப் பார்க்கிற தொங்கு தராசில் நிறுத்து, ஒரு கிலோ குறைத்து வையுங்கள். கூடுதல் கிலோ வேண்டுமென்று முன்னமே தெரிந்தால் ஒன்லைனில் வாங்குங்கள், கவுண்டரில் அதே கிலோ கனக்க விலை.

இனித் தேன். வன்னித் தேன் இல்லாமல் ஒரு பெட்டி லண்டன் போகாது, அது உடைந்து நனைந்த சேலைகளும் குறைவில்லை. இரண்டு காரணம். காட்டுத் தேனில் ஈரம் கூடவாக இருந்தால் சூட்டில் புளித்து வாயு விடும், மூடியைத் திறக்கும்போது "சுர்" என்று சத்தம் வந்தால் அந்தப் போத்தலை அனுப்பாதீர்கள். மற்றது அமுக்கம். விமானம் மேலே போனதும் பொதி அறையின் காற்றமுக்கம் குறையும், போத்தலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து, மூடி இளக்கமாயிருந்தால் தேனை வெளியே தள்ளும். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை விட்டு, பக்கங்களை மெல்ல அமத்தி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றி, வாயில் பொலித்தீன் துண்டு வைத்து அதன் மேல் மூடியை இறுக்குங்கள். மூடியைச் சுற்றி ரேப், பிறகு இரண்டு ஜிப் பை ஒன்றுக்குள் ஒன்று, அதைச் சாரத்துக்குள் சுற்றிப் பெட்டியின் நடுவில் நட்டமாக வையுங்கள். நல்லெண்ணெய்க்கும் இதே முறைதான்.

முல்லைத்தீவுக் கருவாடு என்றால் வாங்கியதும் இன்னும் இரண்டு வெயில் காயவிட்டு, முள் குத்தாமல் செதிலையும் வாலையும் வெட்டி, கடுதாசியில் சுற்றிப் பிறகு வக்கியூம் பையில் அடையுங்கள். ஈரமான கருவாட்டை அடைத்தால் பைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். குடல் எடுக்காத மீன் கூடாது. ஒடியல், புழுக்கொடியல், மிளகாய்த்தூளுக்குச் சிக்கல் இல்லை. தூளை மட்டும் இரட்டைப் பையில் போட்டு வெளியே பெயர் எழுதி வைத்தால் ஸ்கானரில் பார்த்து யாரும் கிண்ட வேண்டி வராது.

இறங்குகிற நாட்டு விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது, நெய்யும் பாற்கோவாவும் அதற்குள் அடங்கும். சொந்தப் பாவனைக்கு மீன் 20 கிலோ வரை, தேன் 2 கிலோ வரை விடுவார்கள். 2019 டிசம்பரிலிருந்து பச்சையான பழம், மரக்கறி, இலை எல்லாவற்றுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறார்கள். விலக்கு ஐந்துக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். கறுத்தக் கொழும்பான் மாம்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் விலக்கு இல்லை, முருங்கைக்காய்க்கும் இல்லை. அவுஸ்திரேலியா போகிறவர் உணவு என்று எது இருந்தாலும் படிவத்தில் "ஆம்" என்று போடுங்கள். சொல்லிவிட்டால் எடுத்து வீசுவதோடு முடியும், மறைத்தால் தண்டம்.

பெட்டியிலும் கையிலும் எதிலும் வைக்கக்கூடாத இரண்டு சாமான் எங்கள் வீடுகளில் எப்போதும் இருக்கும். ஒன்று கற்பூரம், அது தீப்பற்றும் திண்மம். மற்றது கொப்பரை, எண்ணெய்ப் பிடிப்பால் தானாகச் சூடேறும். பவர்பாங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாற்-மணி, 100 என்ற எல்லைக்குள் நிற்கும். ஊறுகாய், சட்னி, சம்பல் எல்லாம் கைப்பையில் திரவம்தான், 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள்.

கட்டுநாயக்கவா, பலாலியா?

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போகக் கிளிநொச்சியிலிருந்து ஆறரை, ஏழு மணித்தியாலம் வையுங்கள், முல்லைத்தீவென்றால் இன்னும் ஒன்று. பஸ்ஸில் போகிறவர் ஏறுமுன் பாதையைக் கேளுங்கள். அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகிற 87 இலக்க பஸ் கட்டுநாயக்கவைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகும், எயார்போட் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். தம்புள்ளை, குருநாகல் வழியாக ஓடுகிற பஸ்ஸில் ஏறினால் கொழும்பு வரை போய்த் திரும்பி வர வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் கலா ஓயாப் பக்கம் வெள்ளம் பாதையை மூடலாம், இரவில் புத்தளம் பாதையில் யானையும் நிற்கும். அந்த மாதங்களில் நாலு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவது கூடுதலல்ல.

திகதியில் ஏமாறாதீர்கள். வளைகுடா விமானங்கள் பல விடியற்புறம் புறப்படுகின்றன. ரிக்கற்றில் 12ஆம் திகதி அதிகாலை 3.30 என்றால், நீங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிடுவது 11ஆம் திகதி மத்தியானம். 12ஆம் திகதி இரவு போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கவுண்டர் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன் மூடிவிடும், அதன் பிறகு தங்கக் காட் காட்டினாலும் திறக்காது. செக்-இன்னை முதல் நாளே போனில் முடித்து சீற்றைப் பிடித்துவிட்டால், பாதையில் ரயர் வெடித்துப் பிந்தினாலும் பொதியை மட்டும் கொடுத்துவிட்டு ஓடலாம்.

பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து 80 கிலோமீற்றர் அளவுதான். சென்னைக்கு மருத்துவத்துக்கும் சாமான் எடுக்கவும் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஓடுபாதை குட்டை, ஆகவே ஏ.ரி.ஆர். என்ற சின்னக் காற்றாடி விமானம்தான் வரும். அதன் மேற்தட்டு சின்னது, சக்கரம் வைத்த கைப்பெட்டி உள்ளே போகாமல் வாசலில் வாங்கி அடியில் போடுவார்கள். போன், நகை, மருந்தை முதலே தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பொதி அளவும் பெரிய விமானத்தைப் போல் இராது, ரிக்கற்றில் உள்ளதைப் பாருங்கள். இந்தப் பாதையில் முதல் வந்த அலையன்ஸ் எயார், எயார் இந்தியா 2022இல் தனியாருக்குப் போனபோது பிரிந்து அரசிடமே நின்றுவிட்டது. எயார் இந்தியாவின் மைல்ஸ் அதில் ஏறும் என்று நம்பி ரிக்கற் எடுக்காதீர்கள்.

லண்டனிலிருந்து சென்னை, அங்கிருந்து பலாலி என்று இரண்டு தனி ரிக்கற் எடுக்கிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. தனி ரிக்கற் என்றால் பொதியைச் சென்னையில் இறக்கி எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும், இந்திய விசா வேண்டும். திரும்பி வரும்போதும் அதே பாதை என்றால் இரண்டு நுழைவு. 30 நாள் ஈ-ரூரிஸ்ற் விசாவில் இரண்டு நுழைவு உண்டு, ஆனால் இரண்டும் அந்த நாட்களுக்குள் முடிய வேண்டும். விசா இல்லாமல் வந்தால் லண்டனிலேயே ஏற்றமாட்டார்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டாலும் யாரும் பொறுப்பில்லை.

அம்மா தனியப் போறா

காட் ஒன்றும் இல்லாமல், காசில்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய சலுகை சக்கர நாற்காலி உதவி. நடக்க முடியாதவருக்கு மட்டுமல்ல, டோஹாவில் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு அரை மணித்தியாலம் நடக்க ஏலாதவருக்கும் கேட்கலாம். புறப்பட 48 மணித்தியாலம் முன் புக்கிங்கில் போட்டுவிட வேண்டும். மூன்று வகை உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார் என்பது ஒன்று. படியும் ஏற மாட்டார், ஆனால் விமானத்துக்குள் சீற் வரை நடப்பார் என்பது இரண்டாவது. சீற் வரை தூக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது மூன்றாவது. முழங்கால் வருத்தக்காரருக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். பலாலியில் விமானத்தின் சொந்தப் படியால்தான் ஏற வேண்டும், அங்கே இது இன்னும் முக்கியம். போகவும் வரவும் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மாவின் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள்: இரண்டு பறப்பு இலக்கமும், "தமிழ் மட்டும் பேசுவேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, ஏற்றிவிடுகிறவரதும் இறக்கி எடுக்கிறவரதும் போன் இலக்கம், வருத்தங்களும் குளிசைகளின் பெயரும். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், பொதிக்குள் குளிரில் உறைந்தால் பிறகு உதவாது.

சாப்பாட்டைப் புறப்பட 24 மணித்தியாலம் முன் பதியுங்கள். சைவக்காரர் "இந்து உணவு" என்று போடக்கூடாது, அதில் கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரும். "ஏசியன் வெஜிற்றேரியன்", அதாவது ஏ.வி.எம்.எல். என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் என்றால், எந்தப் பறப்பு வெள்ளியில் விழுகிறது என்று பார்த்து அதற்கு மட்டும் போடலாம்.

பிந்தினால், பெட்டி வராவிட்டால்

பாரிஸிலிருந்தோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நகரத்திலிருந்தோ ஒரே ரிக்கற்றில் கொழும்புக்கு வருகிறவர், எயார்லைனின் பிழையால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி இறங்கினால் 600 யூரோ வரை கேட்கலாம். எந்த நாட்டு எயார்லைன் என்றாலும் சரி, இடையில் டோஹாவில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டதால் பிந்தினாலும் சரி. லண்டனிலிருந்து என்றால் 520 பவுண். கொழும்பிலிருந்து போகும்போது ஐரோப்பிய எயார்லைனில் போனால்தான் இந்தச் சட்டம் செல்லும். வவுச்சர் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால் வாசித்துவிட்டுப் போடுங்கள், சில கடுதாசியில் மிச்ச உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும்.

பெட்டி வராவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியே வருமுன் பி.ஐ.ஆர். என்ற முறைப்பாட்டுத் தாளை எழுதி வாங்க வேண்டும். வெளியே வான்காரர் அவசரப்படுத்துவார், பேசாமல் நின்று வாங்குங்கள். அதில் ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் கொண்ட இலக்கம் இருக்கும், பெட்டியைத் தேட அதுதான் திறவுகோல். முகவரியில் வீட்டு இலக்கத்தை மட்டும் போட்டால் வன்னிக்குள் யாரும் வந்து சேர மாட்டார்கள். கிட்டடிச் சந்தி, பள்ளிக்கூடம், குளம் எதையாவது சேர்த்து இரண்டு உள்ளூர் போன் இலக்கம் கொடுங்கள். கட்டுநாயக்கவுக்கு வந்து எடுங்கள் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் சரிவராமல் நீங்களே போக வேண்டி வந்தால் வான் செலவின் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள், பிந்தி வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வாங்கிய உடுப்பு, சவர்க்காரம், குளிசை எல்லாவற்றுக்கும் பில் எடுத்து அந்தத் தாளோடு குத்தி வையுங்கள். சந்தைக்குள் பில் இல்லாமல் வாங்கியதற்குக் காசு தரமாட்டார்கள்.